கேள்வி பதில்: களைப்பாக இருக்கிறது என்று கோச்சிடம் சொல்லலாமா?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, 800 மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் 2 நிமிடம் 22 நொடியில் முடித்தவள், இப்போது 2:29-க்குக் கீழே வருவதே இல்லை. எடையைக் குறைத்தால் டைமிங் வரும் என்று கோச் சொன்னதால் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். நான்கு மாதமாக பீரியட்ஸ் வரவில்லை, ஓடுகிற பெண்களுக்கு அது சகஜம் என்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வேறு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பியிருக்கிறோம், நிறுத்தச் சொல்லவும் பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், நாமக்கல்

பதில்: சகஜம் இல்லை அம்மா. நிறையப் பேருக்கு நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. ஓட்டத்துக்குச் செலவாகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வரும், அதில் முதலில் மாட்டுவது மாதவிடாய். அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது என்று அர்த்தம், ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கும், அதுவும் வாழ்நாளுக்கான எலும்பு சேர்கிற இந்த வயதில். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இந்தச் சாப்பாட்டுப் பற்றாக்குறைக்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்து எச்சரித்தது. பையன்களுக்கும் வரும், ஆனால் பீரியட்ஸ் மாதிரி வெளிப்படையான அடையாளம் இல்லாததால் தெரிவதில்லை.

அமெரிக்காவில் மேரி கேன் என்று ஒரு ஓட்டக்காரர். 2013-ல், 17 வயதில், மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிப் போட்டி வரை போனவர். எடையைக் குறை, குறை என்று சொல்லியே தன்னை ஒடித்துவிட்டார்கள், மூன்று வருடம் பீரியட்ஸ் இல்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019-ல் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை திறமை இருந்தவருக்கே அந்தக் கதி.

இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரையும், விளையாட்டுக் காயம் பார்க்கிற எலும்பு மருத்துவரையும் பாருங்கள். கர்ப்பப் பரிசோதனை எடுக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள், பீரியட்ஸ் நின்றால் யாருக்கும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது ஓடி ஓடி எலும்பில் விழுகிற மெல்லிய விரிசல், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்றதும் ஸ்பைக்ஸ் ஷூவை மாட்டிவிட வேண்டாம், எம்ஆர்ஐ வேண்டுமா என்று கேளுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று அது காட்டும். டாக்டர் சொல்லும்வரை ஓட்டம் கிடையாது. ராத்திரிச் சாப்பாடு இன்றைக்கே திரும்பி வரட்டும், பிராக்டிஸ் முடிந்ததும் முட்டையோ வேர்க்கடலையோ வாழைப்பழமோ கையில் இருக்கட்டும்.

கோட்டா பயம் புரிகிறது. ஆனால் இப்போது சில மாதம் ஓய்வா, அல்லது எலும்பு முறிந்து ஒரு சீசனே போவதா, இதுதான் உங்கள் முன்னால் இருக்கும் கணக்கு. டாக்டர் சீட்டோடு போய் கோச்சிடம் நேரில் பேசுங்கள். நல்ல கோச் கேட்டுக்கொள்வார். அப்போதும் எடையைப் பற்றியே பேசினால் வேறு கோச்சைத் தேடுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மனஅழுத்தம் என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறார்கள். ஒலிம்பிக்கில் பாதியில் விலகியவரைக்கூடக் கொண்டாடுகிறீர்கள். இது நியாயமா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஐயா, அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸைத்தான் சொல்கிறீர்கள். 2021 டோக்கியோவில் அணிப் போட்டியின் முதல் சுற்றில், ஓடிவந்து கையூன்றித் துள்ளுகிற வால்ட்டில், காற்றில் இரண்டரை முறை சுழல வேண்டியவர் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நிலையில் தொடர்ந்திருந்தால் கழுத்தில் விழுந்திருக்கலாம், அதைத் தைரியம் என்று என்னால் சொல்ல முடியாது. அதே ஒலிம்பிக்கிலேயே திரும்பி வந்து பீமில், அதாவது குறுகலான கட்டைமேல் செய்கிற போட்டியில், வெண்கலம் வாங்கினார், 2024 பாரிஸில் மூன்று தங்கம். சாக்குச் சொல்கிறவர் இப்படித் திரும்பி வருவாரா?

சாக்குச் சொல்கிற பிள்ளைகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாததா: மழை வந்தால் பிராக்டிஸ் லீவு என்று குதிக்கிறவன் ஒரு ரகம், ஆசையாக வந்துகொண்டிருந்தவன் தூக்கம் கெட்டு, எரிந்து விழுந்து, கிரவுண்டைப் பார்த்தாலே முகம் சுருங்குகிறான் என்றால் அவன் வேறு ரகம். இரண்டாமவனை இன்னும் இரண்டு ரவுண்டு ஓடவிட்டால் சரியாகாது. 2008-ல் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, அந்த வெற்றிக்கு அப்புறம்தான் மனதளவில் மிகவும் நொறுங்கியதாகப் பேசியிருக்கிறார். ஜெயித்தவருக்கே வருகிறது ஐயா. அப்படி யாராவது உங்கள் கண்ணில் பட்டால் 14416 எண்ணைக் கொடுங்கள், டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

கேள்வி: ஹீட்ஸுக்கு (தகுதிச் சுற்று ஓட்டத்துக்கு) முன்னால் வாந்தி வந்துவிடுகிறது. பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்கிறார்கள். என்ன செய்ய?
- 11-ஆம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பதில்: கிண்டல் செய்கிறவர்களுக்கும் நெஞ்சு படபடக்கும் தம்பி, வெளியே தெரியாது, அவ்வளவுதான். உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகும்போது வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறையும், அந்த நேரத்தில் வயிறு நிறைந்திருந்தால் குமட்டத்தான் செய்யும். பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே இட்லியை முடித்துவிடு, எண்ணெய்ப் பலகாரமும் பாலும் வேண்டாம். பந்தயத்துக்கு முன்னால் பெயர் கூப்பிட்டு நிறுத்திவைக்கிற கால் ரூமில் (call room) நிற்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக விடு. இதைப் போட்டியன்று முதல்முறையாகச் செய்து பார்க்காதே, தினமும் வார்ம்-அப்போடு சேர்த்துப் பழகு. போட்டி இல்லாத நாளிலும் வாந்தி வந்தால் டாக்டரைப் பார்.