எடை குறைக்கும்போது எடை தூக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்கு மாதங்களாக வாரம் ஐந்து நாள், தினம் 45 நிமிடம் வேகநடையும் ஓட்டமும். சாப்பாட்டையும் குறைத்தேன். 78 கிலோவிலிருந்து 71-க்கு வந்துவிட்டேன். ஆனால் கை, தோள் எல்லாம் மெலிந்து உடம்பு தொளதொளவென்று இருக்கிறது. படியேறினால் தொடை தளர்கிறது. வெயிட் ட்ரெய்னிங் சேர்க்கச் சொல்கிறார்கள். அதில் ஓட்டம், வேகநடை போன்ற கார்டியோ அளவுக்குக் கலோரி செலவாகாதே?

பதில்: ஆகாதுதான். எடைப் பயிற்சியில் செட்டுகளுக்கு (நிறுத்தாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றுதான் செட்) நடுவே ஓய்வெடுக்கும் நேரமே பாதிக்கு மேல். அந்த நேரத்தை ஓடிக் கழித்தால் கூடுதலாகவே எரியும். ஆனால் கலோரிக் கணக்கை வைத்து இதை எடைபோட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

செலவைவிடச் சாப்பாடு குறையும்போது உடம்பு தன் கையிருப்பில் கைவைக்கிறது. கொழுப்பு கரைகிறது. கூடவே, அதிகம் வேலை வாங்கப்படாத தசையும் கரைகிறது. ஓட்டம் இதயத்துக்கு நல்லது, காலுக்குத் தாக்குப்பிடிக்கும் திறனைத் தரும். ஆனால் தசை தன் முழு வலுவையும் காட்டவேண்டிய அவசியம் அதில் வருவதில்லை. தோளுக்கும் முதுகுக்கும் அனேகமாக வேலையே இல்லை. எடைப் பயிற்சி இல்லாமல் குறைப்பவர்களுக்கு, போன எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருப்பது வழக்கம். உங்கள் 7 கிலோவில் ஒன்றரை கிலோவுக்கு மேல் அப்படிப் போயிருக்கக்கூடும். கனமான எடையைத் தூக்கும்போது அந்தத் தசை தேவைப்படுகிறது. தேவைப்படுவதை உடம்பு எளிதில் விட்டுக்கொடுக்காது.

தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்று ஆசை காட்டுவார்கள். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரி. அதை நம்பி இதில் இறங்க வேண்டாம். படியில் தொடை தாங்க வேண்டும் என்பதே போதுமான காரணம்.

கேள்வி: அப்படியானால் கார்டியோவை நிறுத்திவிடலாமா? எதை, எத்தனை நாள், எந்த வரிசையில் செய்வது?

பதில்: நிறுத்த வேண்டாம். இப்போதிருக்கும் ஐந்து நாளுக்கு மேல் புதிதாக மூன்று நாளை ஏற்றவும் வேண்டாம். சாப்பாடு குறைந்திருக்கும் உடம்பு களைப்பிலிருந்து மீள அதிக நேரம் எடுக்கும்; ஆர்வத்தில் எல்லாவற்றையும் கூட்டுகிறவர்கள்தான் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். கார்டியோவை மூன்று நாளாக்கி, தலா 50 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஓய்வு விட்டு, இரண்டு நாள் எடைக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன குறைந்தபட்ச அளவும் இதுதான்: வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாள் எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலுப்பயிற்சி.

இரண்டு நாளும் உடம்பு முழுவதற்கும் செய்யுங்கள். ஐந்து அசைவுகள் போதும். ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழும் ஸ்குவாட். இடுப்பை மடித்து நிமிரும் ருமேனியன் டெட்லிஃப்ட். தள்ளுவதற்கு டம்பெல் பிரஸ் அல்லது புஷ்-அப். தன்னை நோக்கி இழுக்க ரோ, மேலிருந்து கீழே இழுக்க லேட் புல்டவுன். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றிலும் 2 செட், பிறகு 3. ஒரு செட்டுக்கு 8 முதல் 12 ரெப், அதாவது அத்தனை முறை தூக்கி இறக்குவது. செட்டுக்குச் செட் 2 நிமிட ஓய்வு, அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள்.

எத்தனை கிலோ எடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். செட்டை முடித்துக் கீழே வைக்கும்போது, இன்னும் இரண்டு மூன்று ரெப்தான் ஒழுங்காக வரும் என்று தோன்ற வேண்டும். இன்னும் பத்து வரும் என்றால் அது உங்களுக்கு இலகு. 2 கிலோ டம்பெல்லை ஓய்வே இல்லாமல் நாற்பது முறை ஆட்டினால் வியர்வை கொட்டும். ஆனால் அது கையால் செய்யும் கார்டியோ, தசையைக் காக்கும் வேலை அங்கே சரியாக நடப்பதில்லை. மூன்று செட்டிலும் 12 எட்டிவிட்டால் அடுத்த முறை கிடைக்கும் மிகச் சிறிய அளவை, 2 அல்லது 2.5 கிலோவை, கூட்டுங்கள். ரெப் 8-க்கு இறங்கும். மறுபடி 12 வரை ஏறுங்கள். ஒரு நோட்டில் தேதி, கிலோ, ரெப் எழுதிவையுங்கள். எடை குறைந்துகொண்டே போகும் மாதங்களில் இந்த ஏற்றம் மெதுவாகும், சில வாரம் நின்றும் போகும். உடம்பு 3 கிலோ இறங்கியும் ரோவில் தூக்கும் கிலோ இறங்கவில்லை என்றால், நினைத்தது நடக்கிறது என்று பொருள்.

டெட்லிஃப்ட் பற்றித் தனியாக. குனிந்து எடுப்பதாக நினைத்தால் முதுகு வளையும், மறுநாள் இடுப்புக்கு மேல் பிடித்துக்கொள்ளும். முழங்காலை லேசாக மடக்கி, பின்னாலிருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளுவதுபோல் பின்வாங்குங்கள். டம்பெல் தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். தொடையின் பின்புறம் இறுகும் இடத்தில் நிறுத்தி நிமிருங்கள். தரையைத் தொட வேண்டியதில்லை.

இரண்டையும் ஒரே நாளில் செய்ய நேர்ந்தால் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, எடையை முதலில், ஓட்டத்தைப் பிறகு. களைத்த காலோடு ஸ்குவாட் செய்தால் கிலோவும் குறையும், நிலையும் குலையும். ஓட்டம் தசை வலுவைக் கெடுத்துவிடும் என்ற பயம் 1980-ல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்விலிருந்து வருவது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் கால் வலு பத்து வாரப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் சரிந்தது. ஆனால் அவர்கள் வாரம் ஐந்து நாள் கால்களுக்கு எடையும் ஆறு நாள் கடும் கார்டியோவும் செய்தவர்கள். உங்கள் அளவுக்கு அந்தக் கவலை வேண்டாம். கடும் ஓட்டத்தை மட்டும் எடைப் பயிற்சிக்கு முந்தைய நாளில் வைக்காதீர்கள்.

கேள்வி: எடைப் பயிற்சி தொடங்கி பத்து நாள். 1.2 கிலோ கூடிவிட்டது! தசையா, கொழுப்பா?

பதில்: பெரும்பாலும் தண்ணீர். புதிதாக வேலைவாங்கிய தசை, பழுதுபார்க்கும் நாட்களில் நீரைத் தேக்கும். அதோடு கிளைகோஜன் என்ற மாவுச்சத்துக் கையிருப்பையும் கூடுதலாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் நீர் சேரும். 1.2 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால், தேவைக்கு மேல் 9,000 கலோரிக்கும் அதிகமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். காலையில் கழிவறை போய்வந்ததும் தினம் எடை பாருங்கள். ஒரு நாள் எண்ணைவிட வாரச் சராசரியை நம்புங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளங்கள். நான்கு வாரமாகியும் சராசரியும் இறங்கவில்லை, இடுப்பும் குறையவில்லை என்றால், பயிற்சிக்குப் பின் பசியில் சாப்பாடு கூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நான் பெண். கை தடித்துவிடுமோ? வயிற்றுக்கு மட்டும் செய்தால் போதாதா?

பதில்: தடிக்காது. பெருந்தசைக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் உபரிச் சாப்பாடும் வேண்டும். நீங்கள் இருப்பதோ குறைத்துச் சாப்பிடும் காலத்தில். வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், அதன் மேலிருக்கும் கொழுப்பைத் தேர்ந்தெடுத்துக் கரைக்காது.

கேள்வி: சாப்பாட்டை எவ்வளவு குறைக்கலாம்? புரதம் எவ்வளவு?

பதில்: வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் இறங்கினால் போதும். 71 கிலோ என்றால் 350 முதல் 700 கிராம். அதைவிட வேகமாகப் போனால் தசையைக் காப்பது கடினம். புரதம் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம், 71 கிலோவுக்கு 85 முதல் 115 கிராம். ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

கேள்வி: வயது 58. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். தூக்கலாமா?

பதில்: அழுத்தம் கட்டுக்குள் இருந்து, மருத்துவரும் சரி என்றால் தூக்கலாம். இந்த வயதில் தசையை இழந்தால் மீட்பது கடினம் என்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். மூச்சை அடக்கித் தூக்காதீர்கள். அப்போது அழுத்தம் சட்டென்று எகிறும். தூக்கும்போது வெளியே விட்டு, இறக்கும்போது உள்ளே இழுங்கள். 10 முதல் 15 ரெப் வருகிற எடையில் தொடங்குங்கள்.

ஒன்றிரண்டு நாள் கழித்துத் தசை முழுக்க மந்தமாக வலிப்பது இயல்பு. மூட்டில் குத்துவதுபோல் வலித்தால் அன்றைக்கு அந்த அசைவை விடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தாலும், தசை கடுமையாக வீங்கிச் சிறுநீர் கரும்பழுப்பாகப் போனாலும், வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.