மனதில் கருத்த வானம், படத்தில் சாம்பல் வானம்

கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளுத்த பாறை, கருத்த வானம் என்று கற்பனை செய்து எடுத்தும் வானம் சாம்பலாகவே வருகிறது என்றால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துப் பயனில்லை, பாறையும் சேர்ந்து இருண்டுவிடும். நீலத்தை மட்டும் இறக்குங்கள்.

கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீல ஸ்லைடரை மட்டும் மெதுவாகக் குறைத்துப் பாருங்கள். ஃபிலிம் என்றால் லென்ஸில் நீலத்தைத் தடுக்கும் சிவப்பு ஃபில்டர். 1927-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் செய்ததும் இதுதான்: முதலில் மஞ்சள் ஃபில்டரில் எடுத்தார், தன் மனதில் இருக்கும் வானம் இதில் வராது என்று புரிந்ததும் அடர் சிவப்புக்கு மாறினார்.

பல கேமராக்களில் மோனோக்ரோம் எனும் கறுப்பு வெள்ளை முறைக்குள் சிவப்பு ஃபில்டர் அமைப்பு உண்டு, எடுக்கும் முன்பே திரையில் பார்த்துவிடலாம்.

ஆனால் மேகம் மூடிய வானத்தில் இது எடுபடாது, அங்கே நீலமே இல்லையே. அப்புறம், நிழல்களில் விழுவதும் வானத்தின் நீல ஒளிதான், அவையும் கருக்கும்.