அடுத்தவர் கொட்டிய குப்பைக்கு அழைப்பாணை உங்கள் பெயரில் வந்தால்

கேள்வி: மட்டக்களப்புக் கல்லடியில் அம்மா எனக்குச் சீதனமாக எழுதித்தந்த 20 பேர்ச்சஸ் வளவு வெறுமையாகக் கிடக்கிறது. நான் கொழும்பில் படிப்பிக்கிறேன். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் மூன்று வருடமாக இரவில் அங்கே கழிவு கொட்டுகிறார். அம்மா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் கைநனைத்தவர் அவர். இன்று கேட்டால் முகம் கொடுப்பதில்லை. மாநகர சபை லொறியும் அந்த ஒழுங்கைக்குள் ஒழுங்காக வருவதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) தந்த அறிவித்தலை, நான் போட்ட குப்பை இல்லையே என்று விட்டுவிட்டேன். இப்போது நுளம்பு பெருக இடம்கொடுத்ததாக எனக்கே அழைப்பாணை வந்திருக்கிறது. கடைக்காரரிடமும் சபையிடமும் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாமா? என் சார்பில் செயற்பட நான் எழுதிக்கொடுக்கும் அற்றோர்னித் தத்துவத்தோடு மச்சான் எனக்காகப் போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீதிமன்றத்துக்கு வேண்டிய விடயம் ஒன்றுதான். வளவு உங்களுடையது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் காணியின் உரிமையாளர் அல்லது அதில் இருப்பவர் மீது கடமையைச் சுமத்துகிறது: தண்ணீர் தேங்கக்கூடிய தகரப்பேணி, போத்தல், சிரட்டை, பழைய டயர் எதுவானாலும் அவரே அகற்ற வேண்டும். யார் கொண்டுவந்து போட்டார் என்பது அந்தக் கடமையை மாற்றாது. கடைக்காரரின் நன்றிகெட்டதனத்தை நீதவானிடம் சொல்லிப் பயனில்லை. சபை மீதான கோபத்தையும் இந்த வழக்குக்குள் கொண்டுவராதீர்கள். மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தெருக்குப்பையையும் வீட்டுக்குப்பையையும் அகற்றச் சொல்கிறது. தனியார் வளவைத் துப்புரவாக்கச் சொல்லவில்லை. சபை மீது வழக்கென்றால் ஒரு மாத எழுத்து அறிவித்தல் வேண்டும், அதற்குப் பிறகும் காலம் இழுபடும். உங்கள் வழக்குத் தவணை அதுவரை காத்திருக்காது.

மச்சான் போக முடியாது. அற்றோர்னித் தத்துவம் காணியை விற்கவும் வாடகைக்கு விடவும் உதவும். குற்றவியல் வழக்கில் எதிரி நீங்கள், கூண்டில் நிற்க வேண்டியதும் நீங்கள். வராவிட்டால் பிடியாணை. அதோடு, "சின்னத் தண்டம்தானே, ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வாருங்கள்" என்று நீதிமன்ற வாசலில் யாராவது சொல்லுவார். அரச பாடசாலை ஆசிரியராக இருந்தால் அதைக் கேட்காதீர்கள். தண்டம் சிறிதானாலும் அது குற்றத்தீர்ப்பு. தவணைக்கு முன் வளவைத் துப்புரவாக்கி, படங்களும் பற்றுச்சீட்டும் முன்வைத்து, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்படி குற்றத்தீர்ப்புப் பதியாமல் விடுவிக்கும்படி சட்டத்தரணி மூலம் கேட்கலாம். அது நீதவானின் தற்றுணிபு. குப்பை அப்படியே கிடக்கும்போது அதைக் கேட்க வாயில்லை.

துப்புரவாக்கும்போதுதான் பலர் புதுக் குற்றத்துக்குள் விழுகிறார்கள். முதலாவது, நெருப்பு வைப்பது. பிளாஸ்டிக் உள்ளிட்ட கழிவைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் முதல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தடை. எரித்தால் கடைக்காரருக்கு எதிரான சாட்சியமும் சாம்பல். இரண்டாவது, பெக்கோ பிடித்துக் குழிதோண்டித் தாட்டு மேலே மண் பரவுவது. கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் நிலம். நல்ல தண்ணீர் கையெட்டும் ஆழத்தில் நிற்கிறது. சோற்றுக் கழிவும் எண்ணெயும் ஊறி அயல் கிணறு மணக்கத் தொடங்கினால், முறைப்பாடு தாட்டவர் மேல்தான் வரும். கொட்டியவரை அப்போது எவரும் நினைக்கமாட்டார்கள். மூன்றாவது, கோபத்தில் அள்ளி ஒழுங்கையிலோ கடை வாசலிலோ போடுவது. அந்த நிமிடம் முதல் வீதியில் குப்பை போட்டவர் நீங்கள்.

நான்காவதை யாரும் யோசிப்பதில்லை: உழவு இயந்திரக்காரர். காசை வாங்கிக்கொண்டு இரவோடு இரவாக வாவிக் கரையில் கண்டல் பற்றைக்குள் சரித்துவிட்டுப் போவார். பிடிபட்டால் உங்கள் பெயரைத்தான் சொல்வார். ஆகவே சபைக்கு எழுதி, கட்டணம் கட்டி, அவர்களின் வாகனத்தில் ஏற்றுங்கள். முடியாதென்றால் எத்தனை லோட், எந்த வாகனம், எங்கே இறக்கியது என்று எழுதிய பற்றுச்சீட்டு வேண்டும்.

அள்ள முன்னர் ஒரு நாள் பொறுங்கள். பி.எச்.ஐ.யையும் கிராம சேவகரையும் அழைத்து அவர்கள் பார்க்கும்போது படமெடுங்கள். கடையின் பெயர் போட்ட பில்லோ பெட்டியோ பைக்குள் இருந்தால் நீங்கள் கிளறி எடுக்கவேண்டாம். உத்தியோகத்தர் எடுத்துக் குறிப்பெழுதட்டும். நீங்கள் எடுத்தால், நீங்களே வைத்ததாகக் கடைக்காரரின் சட்டத்தரணி சொல்வார். பொலிசில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியை வாங்கி வையுங்கள்.

கடைக்காரருக்கு எதிராகக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவில் நீதவானிடம் தொல்லையை அகற்றும் நிபந்தனைக் கட்டளை கேட்க வழியுண்டு. ஆனால் அது பொதுத் தொல்லையாக இருக்க வேண்டும். உங்கள் வளவு கெட்டது மட்டும் போதாது. அயலவர்கள் துர்நாற்றம், ஈ, நுளம்பு பற்றிச் சத்தியக்கடதாசி தரவேண்டும். அவர்கள் தினமும் அந்தக் கடையில் சாப்பாடு எடுப்பவர்களாக இருந்தால் யார் கையொப்பம் வைப்பார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள்.

நட்டஈடு? காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு நட்டத்துக்கான வழக்குக்குத் தருவது இரண்டு வருடம். மூன்று வருடக் கணக்கில் முதலாம் வருடம் பெரும்பாலும் போய்விட்டது. மீதிக்கும் முதலில் மத்தியஸ்த சபை. தொகை அதன் எல்லைக்குள் இருந்தால் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் மாவட்ட நீதிமன்றம் வழக்கை எடுக்காது. அங்கே போகும்போது சமாதானமாக முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. துப்புரவுச் செலவையும் வேலிச் செலவில் பாதியையும் அவர் தரட்டும். இனிக் கொட்டுவதில்லை என்று எழுதித்தரட்டும். அதற்கு மேல் கேட்டு வருடக்கணக்கில் தவணைக்கு அலைந்தால் கிடைப்பதைவிடச் செலவு கூடும்.

சமாதானத்தில் ஒரு வலை இருக்கிறது. "வளவு சும்மாதானே கிடக்கு, நானே துப்புரவாகப் பார்த்துக்கொள்கிறேன், வாடிக்கையாளரின் வாகனம் மட்டும் விடுறேன்" என்று கடைக்காரர் கேட்பார். மத்தியஸ்தர்களுக்கும் அது நல்ல முடிவாகத் தெரியும், தூரத்தில் இருக்கும் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். சம்மதிக்காதீர்கள். இன்று வாகனம், நாளை தகரக் கொட்டில். நீங்கள் பூட்டுப் போட்டால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் விடயம் நீதிமன்றம் போகும். அங்கே காணி உறுதி யாருடையது என்று பார்ப்பதில்லை, ஆட்சி யாரிடம் என்றுதான் பார்ப்பார்கள். உங்களை வெளியேற்றி இரண்டு மாதம் கடந்துவிட்டால் அந்த வழியில் மீள்வதும் கடினம். பத்து வருடம் அப்படியே போனால் அதே காலவிதிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவைக் காட்டி வளவே தனதென்பார். காவலுக்கு யாரையாவது இருத்தினாலும் இதே ஆபத்துத்தான். உங்கள் அனுமதியோடு இருக்கிறார், கேட்டதும் வெளியேறுவார் என்று எழுத்தில் வாங்காமல் மச்சானைக்கூட இருத்தாதீர்கள்.

வேலி அடிக்க முன் நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைக் கண்டுபிடியுங்கள். வேலியை எல்லைக்கு உள்ளே போடுங்கள். ஓர் அடி வெளியே போனால் ஒழுங்கையை மறித்தீர்கள் என்று அடுத்த முறைப்பாடு வரும். மதில் என்றால் சபையின் அனுமதி வேண்டும். ஐப்பசியில் மாரி தொடங்க முன் இது முடிய வேண்டும், மழை விழுந்தபின் பி.எச்.ஐ. மறுபடி வருவார். மத்தியஸ்த சபையில் இணக்கப் பத்திரத்தில் கையொப்பம் வைக்க முன், "ஆட்சி", "பாவனை", "பராமரிப்பு" என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று உங்கள் சட்டத்தரணியைக் கொண்டு வாசிப்பியுங்கள்.