மொசார்ட்டின் ரெக்வியம் கேட்டால் ஏன் அழுகை வருகிறது? பாடுகிறவர்கள் எப்படி அழாமல் பாடுகிறார்கள்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். லத்தீன் தெரியாது, கிறிஸ்தவரும் இல்லை, ராத்திரி ஹெட்ஃபோனில் அதன் லாக்ரிமோசா பாகத்தைக் கேட்டு அழுதுவிட்டீர்கள். "புரியாத பாட்டுக்கு அழுறதெல்லாம் சும்மா சீன்" என்று அறை நண்பர் சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் வேறு சிலரைப் பார்த்துச் சொன்னவள். பதில் இவ்வளவு நீளமாகப் போனதற்கு அதுதான் காரணம்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் முறையாகச் சங்கீதம் படித்தவள் இல்லை. பாளையங்கோட்டையில் சைவக் குடும்பம். 2004இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்கு வந்தேன். பகலில் மருந்துக் கடையில் வேலை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு சேர்ந்திசைக் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல். "இந்துவா இருந்துக்கிட்டு பூசைப் பாட்டு பாடுறீங்களா?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: என் நாத்தனார் ஏற்கெனவே கேட்டுவிட்டார். ஆமாம் என்றேன்.

ரெக்வியம் என்பது இறந்தவர்களுக்கான கத்தோலிக்கப் பூசையின் முதல் லத்தீன் சொல். இளைப்பாற்றி என்று அர்த்தம். அந்தப் பூசைக்கு யார் இசையமைத்தாலும் அதற்கும் அதுவே பெயர். நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி என்பதால் நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வந்தால் "நித்திய இளைப்பாற்றி" என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அப்போது அது ஏதோ மாத்திரையின் பெயர் மாதிரி இருந்தது.

நீங்கள் கேட்ட ரெக்வியத்தை எழுத மொசார்ட்டுக்குக் காசு கொடுத்தவர் வால்செக் என்ற பிரபு. 1791 பிப்ரவரியில் அவருடைய மனைவி இறந்துபோனார், வயது 20. பிரபு தன் பெயரைச் சொல்லாமல் ஆள் அனுப்பி எழுதச் சொன்னார். தானே எழுதியதாகக் காட்டிக்கொள்ளும் ஆசையும் அவருக்கு இருந்தது, அது வேறு கதை. எழுதி முடிக்கும் முன்பே, அதே வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி மொசார்ட் போய்ச் சேர்ந்தார். 35 வயது. கடைசியில் முடித்துக்கொடுத்தவர் சூஸ்மையர் என்ற இன்னோர் இசையமைப்பாளர். (சாலியேரி என்ற இசையமைப்பாளர் மொசார்ட்டுக்கு விஷம் வைத்தார் என்று சினிமா பார்த்துவிட்டு எழுத வருகிறவர்கள் தயவுசெய்து வேறு பதிலுக்குப் போகவும்.) நீங்கள் அழுத லாக்ரிமோசாவில் மொசார்ட் தன் கையால் எழுதியது முதல் எட்டு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி) மட்டும்தான். அந்த எட்டாவது பாரில்தான் மேல்குரல் படிப்படியாக ஏறி உச்சிக்குப் போய் நிற்கிறது. அதற்கு மேல் அவர் தாளில் ஒன்றும் இல்லை.

ஏன் அழுகை வருகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த இசைக் காரணம் கொஞ்சம்தான். இந்தப் படைப்பில் புல்லாங்குழல் கிடையாது, ஓபோ கிடையாது. அவற்றுக்குப் பதில் பாசெட் ஹார்ன் என்று கிளாரினெட் ஜாதியில் கொஞ்சம் கனத்த குரல் உள்ள வாத்தியம், பசூன், கூட டிராம்போன்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டுக் குத்துவிளக்கை மட்டும் விட்டுவைத்தது போல. லாக்ரிமோசா தொடங்கும்போது இரண்டு பாருக்குப் பாட்டே இல்லை, வயலின்கள் இரண்டிரண்டு சுரமாக, நடுவில் விட்டு விட்டு. அழுது முடித்த குழந்தை தேம்புமே, அந்த மாதிரி. அந்த இரண்டு பாருக்கு நான் பிறகு வர வேண்டியிருக்கிறது.

எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு ஐந்து கோட்டில் எழுதும் மேற்கத்திய இசைக் குறிப்பு வாசிக்க வராது, எனக்கும் வராது. என் பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற ஜூலு நர்ஸ் ஒருவர். கோகோ என்றுதான் கூப்பிடுவோம், ஜூலுவில் பாட்டி. அவர் டானிக் சோல்ஃபாவில் படித்தவர். இங்கிலாந்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டுவந்த எழுத்து முறை அது, டோ ரே மி என்பதை வெறும் எழுத்துகளாக எழுதுவது. இங்கிலாந்தில் அதை இப்போது தேட வேண்டும். இங்கே கறுப்பின மக்களின் சேர்ந்திசைக் குழுக்கள் பல இன்றும் அதில்தான் ஹாண்டலையும் மொசார்ட்டையும் பாடுகின்றன. கோகோவின் தாளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. இது நம்ம ஸரிகமதானே! டோ எங்கே வேண்டுமானாலும் நகரும், நம் ஆதார ஷட்ஜம் போல. ஒரே மாசத்தில் பிடித்துக்கொண்டேன்.

லத்தீன்தான் தகராறு. சொற்களைத் தாளில் பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டேன். "கோர் கொன்த்ரீத்தும் குவாசி சினிஸ்". ஒரு செவ்வாய்க்கிழமை லோட்ஷெடிங்கில் கரண்ட் போய், எல்லோரும் போன் வெளிச்சத்தில் பாடிக்கொண்டிருக்கிறோம், நடத்துநர் கையைத் தூக்கி நிறுத்தினார். ஆல்ட்டோவில் யாரோ "ஸினிஸ்" என்கிறீர்கள், அது "ச்சீனிஸ்". யாரோ இல்லை, நான்தான். தமிழில் 'ச' போட்டு வைத்தால் இரண்டு மாதிரியும் வாசிக்கலாமே. அர்த்தமும் சொன்னார்: "சாம்பல். என் நெஞ்சு நொறுங்கிச் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. சாம்பலைத் தப்பாகச் சொல்லாதீர்கள்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது 2022 செப்டம்பர்.

இப்போது என் வீட்டு விஷயம்.

என் கணவர் வீட்டார் பல தலைமுறைக்கு முன் கரும்பு வெட்ட இங்கே வந்த தமிழர்களின் வழி. அவருடைய பாட்டியை எல்லோரும் ஆயா என்போம். பிறந்து வளர்ந்தது கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில். ஊர் எது என்று கேட்டால் "ஆற்காடு பக்கம், எங்கம்மா சொல்லும்" என்பார், அதற்கு மேல் தெரியாது. அந்தக் குடும்பத்தில் நான் தமிழில் பேசினால் தமிழில் திருப்பிப் பேசியவர் அவர் ஒருவர்தான். "இன்னா பொண்ணு, துன்னியா?" என்பார். நெல்லைத் தமிழுக்கும் அதற்கும் நாங்கள் இரண்டு பேரும் பாதி பாதி இறங்கி வந்தோம்.

2011இல் என் அப்பா இறந்தபோது எனக்கு நேரத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அடுப்பு மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். என் அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. ஒவ்வோர் அடியும் மேலே தொடங்கிக் கீழே இறங்கி, கடைசிச் சொல் கிட்டத்தட்ட மூச்சாகிவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். கௌரவக் குறைச்சல் என்று நினைப்பு, எங்களுக்குத் தேவாரம் போதும். அன்றைக்கு ஆயா இல்லாவிட்டால் நான் அழுதிருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆயா 2022 அக்டோபரில் போனார், 91 வயது. டர்பனில் இந்தியர்கள் அதிகம் இருக்கும் சாட்ஸ்வொர்த் பகுதி, வீட்டு முற்றத்தில் பந்தல், பெட்டி நடுவில். ஒப்பாரி தெரிந்த ஒரு ஜீவன் அங்கே இல்லை. தெரிந்தவர்தான் பெட்டிக்குள் இருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், தமிழ்நாட்டுக்காரி ஆயிற்றே. எனக்கு வாய் வரவில்லை. வெட்கம் என்பது சரியான சொல் இல்லை, கற்றுக்கொள்ளாமல் விட்டதை அந்த நேரத்தில் எங்கே போய்த் தேடுவது?

அப்போது ஒரு பையன் லாமினேட் செய்த தாள்களைக் கொடுத்துக்கொண்டு வந்தான். சிவபுராணம், ஆங்கில எழுத்தில். நாற்பது ஐம்பது பேர் பாடினார்கள். அர்த்தம் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் அதிகம். 'ழ'வுக்கு அந்தத் தாளில் வழியில்லை என்பதால் "நமச்சிவாய வால்க, நாதன் தாள் வால்க".

நான் வந்த புதிதில், 2005 என்று நினைவு, இதே "வால்க"வைக் கேட்டு ஒரு கோயிலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, "இவங்க புரியாமலே உருகுறாங்கம்மா, பார்க்கச் சிரிப்பா இருக்கு" என்று சொன்னேன். ஆயா அடுத்த அறையில் இருந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காதில் விழுந்திருக்கும்.

மறுநாள் அஸ்தியை வாங்கி வந்தபோது டப்பா என் மடியில். இரண்டு கிலோ சர்க்கரை வாங்கி வருகிற கனம், அவ்வளவுதான். மூடி சரியாகப் பொருந்தாமல் வண்டி ஒவ்வொரு வேகத்தடையில் ஏறும்போதும் ஓரத்தில் மெல்லியதாகப் பொடி எழும்பியது. கட்டை விரலால் மூடியை அழுத்திக்கொண்டே வந்தேன். விரல் ரேகையில் படிந்ததைக் கழுவ வேண்டுமா, கூடாதா என்று கேட்க யாருமில்லை. கேட்டால் ஆயாவைத்தான் கேட்டிருப்பேன்.

பதினாறாம் நாள் முடிந்த அடுத்த வாரம் எங்கள் நிகழ்ச்சி. நகரத்தில் ஒரு பழைய தேவாலயம், நவம்பர் புழுக்கம், கறுப்பு உடுப்பு முதுகில் ஒட்டிக்கொண்டது. லாக்ரிமோசாவில் உடைந்துவிடுவேன் என்று பயந்து அதற்கு மட்டும் மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு முந்தைய பாகம் கன்ஃபுடாட்டிஸ். ஆண்கள் நரக நெருப்பைப் பாடுவார்கள், பெண்கள் மெதுவாக "என்னையும் கூப்பிடு" என்போம். பிறகு நான்கு குரலும் சேர்ந்து, கிசுகிசுப்பது போல, சுருதி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும் இடம். அங்கேதான் குவாசி ச்சீனிஸ். "ச்சீ" என்று வாயைத் திறந்தேன், கட்டை விரல் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். சத்தம் வரவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். அழுதால் பாட முடியாது. தொண்டை இறுகும், சுருதி இறங்கும். அதனால் பாடகர்கள் பெரும்பாலும் எண்ணிக்கொண்டிருப்போம். எப்போது நுழைய வேண்டும், எங்கே மூச்சு, பக்கம் எப்போது திருப்ப வேண்டும். அந்த வேலைதான் காப்பாற்றுகிறது. அதையும் மீறினால் பக்கத்தில் இருப்பவர் காப்பாற்றுவார். நீளமான சுரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக்கூடாது என்பது சேர்ந்திசையின் முதல் பாடம். நான் வாங்கும்போது கோகோ பிடித்துக்கொள்வார், அவர் வாங்கும்போது நான். அன்றைக்கு நான் விட்டதும் கோகோ திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கையை என் முழங்கையோடு ஒட்டவைத்து, குரலை ஒரு நூல் கூட்டினார். கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஆல்ட்டோவில் ஓர் ஆள் குறைந்தது தெரிந்திருக்காது.

அந்தப் பாகம் முடிந்து நிற்காமல் லாக்ரிமோசாவுக்குள் போகும். அங்கே அந்த இரண்டு பார் வயலின். அதற்குள் மூக்கை உறிஞ்சி, எச்சில் விழுங்கி, மூன்றாவது பாரில் எல்லோரோடும் நுழைந்துவிட்டேன். அதற்காகவே மொசார்ட் எழுதிவைத்தார் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

முடிந்தபின் கோகோ பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொடுத்து, "யார்?" என்று மட்டும் கேட்டார். "பாட்டி" என்றேன். "ம்" என்று இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடக்கிவைக்க முடியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து இங்கே விழாக்களுக்கு வருகிற சில பெரிய மனிதர்கள் மைக்கைப் பிடித்ததும் "தமிழ் பேசத் தெரியாத தமிழர்களே" என்று ஆரம்பிக்கிறார்கள். போன வருஷமும் ஒருவர். இங்கிருக்கும் தமிழர்களின் முன்னோர்கள் 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும், 1911 வரை பின்னால் வந்தவர்களும். கரும்பு வெட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். பிறகு இருந்த வீட்டையும், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டுப் பிடுங்கி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் விட்டார்கள். இவ்வளவுக்கும் நடுவில் காவடி நிற்கவில்லை. சிவபுராணத்தை ஆங்கில எழுத்தில் எழுதியாவது வைத்திருக்கிறார்கள். சொந்த ஊரில் தினமும் தமிழ் பேசிக்கொண்டே ஒப்பாரியைத் தொலைத்தவள் நான். இருந்தும் சாப்பாட்டுப் பந்தியில் அந்தப் பெரிய மனிதர் என்னைப் பார்த்து, "நீங்க மட்டும்தாம்மா இங்கே சரியாப் பேசுறீங்க" என்றார். பாராட்டாம்!

உங்கள் நண்பருக்கு ஒரு சேதி. 1943, 44இல் தெரெசின் நாஜி முகாமில் ரஃபேல் ஷெக்டர் என்ற கைதி, மற்ற யூதக் கைதிகளைச் சேர்த்து வெர்டியின் ரெக்வியத்தை 16 முறை பாடவைத்தார். ஆர்கெஸ்ட்ரா இல்லை, பியானோதான். பாடகர்களை ரயிலேற்றி ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்ப அனுப்ப, புது ஆட்களைச் சேர்த்து மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார். யூதர்கள், கத்தோலிக்கப் பூசை, லத்தீன். அதையும் சீன் என்பாரா, கேட்டுப்பாருங்கள்.

அடுத்து எதைக் கேட்கலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வெர்டியை ஹெட்ஃபோனில் முழுச் சத்தத்தில் வைக்காதீர்கள், தியேஸ் ஈரே (கோப நாள்) வரும்போது பெரிய முரசு காதைப் பிளக்கும். தூக்கம் வராத ராத்திரி என்றால் ஃபோரே. அவர் அந்தக் கோப நாள் பாட்டைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார், தாலாட்டு மாதிரி போகும். பிராம்ஸ் லத்தீனே வேண்டாம் என்று ஜெர்மன் பைபிளிலிருந்து எடுத்து எழுதினார், துக்கப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று உயிரோடு இருப்பவர்களிடம்தான் தொடங்குகிறது. மொசார்ட்டில் லாக்ரிமோசாவை மட்டும் தனியே வெட்டிப் போட்ட வீடியோக்களைக் கேட்காதீர்கள். கன்ஃபுடாட்டிஸிலிருந்து நிறுத்தாமல் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது வேண்டாம்.