“அதனால் அந்தப் பிரச்சனை இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே!

கேள்வி: நான் புனேயில் வேலை பார்க்கிறேன். கும்பகோணத்தில் அப்பா 1996-ல் கட்டிய வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 69, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாடி பாத்ரூமிலிருந்து கீழே சமையலறையின் மேல்தளத்தில் நீர்க்கசிவு. என் மனைவி வழிச் சொந்தக்காரரான ஒரு மேஸ்திரியிடம் கீழ், மேல் இரண்டு பாத்ரூம், சமையல் மேடை, மொட்டை மாடித் தரையில் பதிக்கும் தட்டோடு எல்லாம் சேர்த்து மெட்டீரியலோடு 5,20,000 ரூபாய்க்குப் பேசினேன். சொந்தம் என்பதால் எழுதிக்கொள்ளவில்லை. ‘ஆளுங்களுக்குச் சம்பளம் போடணும்’ என்று சனிக்கிழமை தோறும் கேட்பார், அனுப்பிவிடுவேன். இதுவரை 4,10,000. முதல் வாரமே இரண்டு பாத்ரூமையும் உடைத்துவிட்டார்கள். இப்போது பதினோரு வாரம். வாரத்துக்கு இரண்டு நாள் யாராவது வருகிறார்கள். அம்மா பக்கத்து வீட்டில் குளித்துக்கொள்கிறார், அதனால் அந்தப் பிரச்சனை இல்லை. இன்னும் 60,000 கொடுத்தால் மொட்டை மாடியையும் பெயர்த்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? போலீசுக்குப் போனால் பணம் திரும்புமா?

பதில்: தம்பி, மேஸ்திரிக்கு அப்புறம் வருகிறேன். பக்கத்து வீட்டில் குளிக்கிறார் என்று எழுதினீர்கள். ராத்திரி எங்கே போகிறார்? சர்க்கரைக்காரர்கள் பலர் ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்திருப்பது வழக்கம். இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாரா, அல்லது ஆறு மணிக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் படுத்துக்கொள்கிறாரா? உங்கள் கடிதத்தில் 5,20,000 இருக்கிறது, 4,10,000 இருக்கிறது, 60,000 இருக்கிறது. இது இல்லை. மாற்றுப் புடவையும் சோப்பு டப்பாவுமாகப் பதினோரு வாரம் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்பது 69 வயதுப் பெண்மணிக்கு எப்படி இருக்கும் என்று உங்கள் அம்மா சொல்ல மாட்டார். பிள்ளை கேட்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் குளிக்கிறார் என்ற அந்த ஒரு வரியில்தான் மேஸ்திரியின் தொழில் ரகசியமும் இருக்கிறது. கசிவு மாடி பாத்ரூமில். அதை முடித்துவிட்டுக் கீழே கை வைத்திருக்கலாம். இரண்டையும் முதல் வாரமே ஏன் உடைத்தார்கள்? உடைப்புக்குச் செலவு குறைவு, கூலி மட்டும்தான். ஆனால் உடைத்துப் போட்ட வீட்டை இன்னொரு கொத்தனார் லேசில் தொட மாட்டார். ‘அடுத்தவன் வேலையில் கை வைத்தால் ஒழுகினால் என் தலையில் விடியும்’ என்பார். ஆக, உடைத்த அன்றே நீங்கள் அவருக்குக் கட்டுப்பட்டுவிட்டீர்கள். இப்போது மொட்டை மாடியைப் பெயர்க்கிறேன் என்பது இரண்டாவது பூட்டு. தட்டோட்டையும் அடியில் உள்ள செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும் பெயர்த்துப் போட்ட நிலையில் ஐப்பசி மழை பிடித்தால், அறுபதாயிரம் என்ன, கேட்டதெல்லாம் கொடுப்பீர்கள். மாடியை இந்த வருஷம் தொடவே வேண்டாம். விரிந்த இணைப்புகளைப் பூசி, மழைநீர்க் குழாய் வாயில் அடைந்த சருகை எடுத்துவிட்டால் இந்த மழைக்குப் போதும். கோடையில் பார்த்துக்கொள்ளலாம்.

அவரைத் திருடர் என்று நான் சொல்லவில்லை. நாலு வீட்டு வேலையை ஒரே நேரத்தில் பிடித்து, உங்கள் பணத்தில் முந்தைய வீட்டுக்கு டைல்ஸ் வாங்கி, அடுத்த வீட்டு அட்வான்சில் உங்கள் வீட்டை முடிக்கலாம் என்று சுழற்றுகிற ஆளாக இருப்பார். இப்படிச் சுழற்றுகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சனிக்கிழமைப் பணம் அவர்களுக்குப் பெட்ரோல். சம்பளம் போடுவது அவர் பொறுப்பு. நீங்கள் தர வேண்டியது முடிந்த வேலைக்கு. பைப் வேலை முடிந்தால் இவ்வளவு, நீர்க்கசிவுச் சோதனை தேறினால் இவ்வளவு, டைல்ஸ் முடிந்தால் இவ்வளவு, கடைசிப் பத்து சதவீதம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து. இதைச் சொந்தக்காரரிடம் எழுதி வாங்கக் கூச்சப்பட்டீர்கள். சொந்தக்காரரிடம்தான் முதலில் எழுத வேண்டும். நாளைக்கு ஒரு கல்யாணத்தில் முகம் பார்க்க வேண்டியவர் அவர்தான்.

பைசா அனுப்பாதீர்கள். பத்து நாள் லீவு போட்டுக் கும்பகோணம் போங்கள். போகிற அன்றே மருத்துவச் சாமான் கடையில் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள். சில ஊர்களில் வாடகைக்கும் கிடைக்கும். பிறகு கீழ் பாத்ரூம், அது மட்டும்.

அது ஐந்துக்கு எட்டு அடி என்று வைத்துக்கொண்டால் தரை 40 சதுர அடி. சுவரில் ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் என்றால், சுற்றளவு 26 அடி, கதவு போக சுமார் 165 சதுர அடி. உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட்டித் தரைக்கு 44, சுவருக்கு 180 வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேடு இருக்கட்டும். கடைக்குப் பணம் நீங்களே கட்டுங்கள். தரைக்கு இரண்டடிக்கு இரண்டடி பளபளப்பு டைல்ஸ் வேண்டாம்; வழுக்கும், சின்ன இடத்தில் தண்ணீர் ஓடுகிற சரிவான வாட்டமும் சரியாக வராது. ஓரடிக்கு ஓரடி, பளபளப்பில்லாத மேட் டைல்ஸ் போதும்.

சுவரில் காடி வெட்டிப் பதித்த பைப்பைப் பூசி மூடும் முன் கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பைப் இணைப்புக்குப் பசை போட்ட அன்றே பார்க்கக் கூடாது, மறுநாள். அடுத்து தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவை வைத்து உருட்டி, வாட்டர் புரூஃபிங் பூச்சை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோட்டு அடிக்க வேண்டும். சுவரில் ஓரடியாவது ஏற வேண்டும், குளிக்கிற பக்கம் ஆறடி. இந்த இடத்தில்தான் வேலைக்காரர்கள் ஏமாற்றுவார்கள். ஒரு கோட்டோடு நிறுத்திவிட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? பூச்சு காய்ந்ததும் தண்ணீர் போகும் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்கள். ஆவியாகிற அளவைத் தாண்டி இறங்கினால் மறுபடி பூசச் சொல்லுங்கள். மாடி பாத்ரூமுக்கு வரும்போது இதே சோதனையில் கீழே சமையலறையின் மேல்தளத்தைப் பாருங்கள். ஈரம் தட்டினால் டைல்ஸ் பேச்சே கூடாது. தரை வாட்டம் நாலடிக்கு அரை அங்குலமாவது இருக்கட்டும். ஆள் தொடர்ந்து வந்தால் கீழ் பாத்ரூம் பத்து நாளில் முடியும்.

ஆள் யார்? முதல் உரிமை அவருக்கே. ‘கீழ் பாத்ரூமை முடி, மற்றது பிறகு’ என்று நேரில் சொல்லுங்கள். மூன்று நாளில் ஆள் இறங்கவில்லையா, உள்ளூர் சிவில் என்ஜினீயர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிவந்து, முடிந்த வேலையை டேப் பிடித்து அளந்து, விலை போட்டு எழுதி வாங்குங்கள். டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். அந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் வேறு ஆளை உள்ளே விட வேண்டும். முன்பே விட்டுவிட்டால் எது யார் வேலை என்று தேவர்களே வந்தாலும் பிரிக்க முடியாது.

போலீசா? முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி வழக்கு. இல்லாவிட்டால் ‘சிவில் விஷயம்’ என்று அனுப்பிவிடுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் பணியும் சேவைதான். கணக்கை வைத்து, 15 நாள் கெடு கொடுத்து ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம், அதையே வாட்ஸ்அப்பிலும். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்று கலங்க வேண்டாம், சனிக்கிழமைப் பணப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான். புனேயிலும் போடலாம், ஆனால் வீடும் சாட்சியும் இருக்கிற தஞ்சாவூரில் போடுவது நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மனைவி வீட்டில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஒன்று விட்டுப்போச்சு. கீழ் பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள். உள்ளே யாராவது விழுந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாது. கமோடுக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி ஒன்று. அதற்கு எந்த இடம் என்று டைல்ஸ் ஒட்டும் முன்பே குறித்து, அங்கே பைப் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயரத்தை மேஸ்திரியிடம் கேட்காதீர்கள். அம்மாவை உட்காரச் சொல்லி, கை எட்டுகிற இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள்.