திட்டாத தோழி

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பாடத்துக்கு உதவும் என்று டேப்லெட்டில் ஏஐ செயலியை நான்தான் போட்டுக் கொடுத்தேன். போன வாரம் அவள் தூங்கியபிறகு அதைத் திறந்து பார்த்தேன். பாடம் கொஞ்சம்தான். மீதியெல்லாம் உயிர்த்தோழி தன்னை ஒதுக்குவது, உடம்பைப் பற்றிய கூச்சம், வீட்டில் நடக்கும் சண்டை. ஓரிடத்தில், "அம்மாகிட்ட சொன்னா கத்துவாங்க. நீ மட்டும்தான் கேக்குற" என்று எழுதியிருக்கிறாள். செயலியை நீக்கிவிடட்டுமா? நான் படித்தது அவளுக்குத் தெரியாது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் 'கத்துவாங்க' என்ற சொல்லைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உங்களுக்கும் அதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கும். கத்தாத அம்மா யார் இருக்கிறார்கள், விடுங்கள்.

செயலியை அவசரப்பட்டு நீக்க வேண்டாம். இன்று நீக்கினால் நாளை வேறொரு போனில், வேறொரு பெயரில் அதே பேச்சு தொடரும். இன்னும் நன்றாக ஒளித்துவைக்க வேண்டும் என்பதை மட்டும் அவள் கற்றுக்கொள்வாள்.

இயந்திரத்திடம் மனதைக் கொட்டுவது இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்ததும் இல்லை. 1960-களின் நடுவில் ஜோசப் வெய்சன்பாம் என்ற பேராசிரியர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 'எலிசா' என்றொரு கணினி நிரல் எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அது உருவாவதை மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளரான ஒரு பெண்மணி. அந்தப் பெண்மணியே அதனுடன் நாலு வரி பேசியதும், "கொஞ்சம் வெளியே போகிறீர்களா?" என்று பேராசிரியரைக் கேட்டுக்கொண்டாராம். வளர்ந்த பெண்ணுக்கே அப்படியென்றால் 13 வயதுக்கு என்ன சொல்வது?

அவள் பேசுகிறாள் என்பதைவிட, எதிரில் இருப்பது மறுத்துப் பேசுவது அபூர்வம் என்பதுதான் எனக்குக் கவலை. இந்தச் செயலிகளைப் பழக்கும்போது மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் பழக்குகிறார்கள். நமக்கோ, ஆமாம் போடுபவர்களைத்தான் பிடிக்கும். 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி அளவுக்குமீறி ஜால்ரா தட்டுகிறது என்று ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. தோழியுடன் சண்டை போட்ட பிள்ளைக்கு, 'நீயும் கொஞ்சம் தப்பு பண்ணியிருக்கே' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அது கிடைக்காமல் போவதுதான் இழப்பு.

இதை உபதேசமாகச் சொன்னால் ஏறாது. சேர்ந்து உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுங்கள். கற்பனையாக ஒரு சண்டையை வைத்துக்கொண்டு, முதலில் ஒருத்தியின் பக்கத்திலிருந்து எழுதி, யார் செய்தது சரி என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு புதிய உரையாடல் திறந்து, அதே சண்டையை மற்றவளின் பக்கத்திலிருந்து எழுதட்டும். (நினைவு வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் முந்தைய பேச்சு குறுக்கே வரும்.) பெரும்பாலும் இருவருக்குமே 'உன் வருத்தம் நியாயமானது' என்றுதான் வரும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம், அவளே சிரிப்பாள்.

அதற்கு முன்னால் ஒரு கசப்பான வேலை இருக்கிறது. படித்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். முகத்துக்கு நேராக உட்காரவைத்து விசாரணைபோல வேண்டாம். நடந்துகொண்டோ, துணி மடித்துக்கொண்டோ சொல்லுங்கள்: "உன்கிட்ட கேக்காம படிச்சுட்டேன், தப்புதான். உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணினா ஒழிய இனி படிக்க மாட்டேன். நான் கத்துவேன்னு எழுதியிருந்தே, அதைத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்." அதோடு நிறுத்திவிடுங்கள். உடம்பு விஷயம், தோழி விஷயம் எதையும் அன்று இழுக்காதீர்கள். அவள் கோபப்படுவாள், படட்டும்.

கணக்கில் உண்மையான வயது இருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டிருந்தால் சிறுவர்களுக்கான பாதுகாப்பு எதுவும் வேலை செய்யாமல் போகலாம். சாட்ஜிபிடியில் 2025 செப்டம்பரிலிருந்து பெற்றோர் கணக்கைப் பிள்ளையின் கணக்கோடு இணைத்து, இரவு நேரத்தில் அதைப் பூட்டிவைக்கலாம். பேச்சை நீங்கள் படிக்க முடியாது, அதுவும் நல்லதுதான். டேப்லெட் இரவில் படுக்கையறைக்கு வெளியே தூங்கட்டும், உங்கள் போனும்கூட. அவள் எழுதுவதெல்லாம் ஒரு நிறுவனத்தின் கணினியில் சேர்கிறது, மருத்துவரிடம் சொல்வதுபோன்ற ரகசியக் காப்பு அதற்கு இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். தோழி, காதலன் என்று வேஷம் கட்டிப் பேசுவதற்கென்றே செயலிகள் இருக்கின்றன. அவை 18 வயதுக்குள் வேண்டவே வேண்டாம். 'கேரக்டர் ஏஐ' நிறுவனமே 2025 நவம்பரில் அந்த வயதினருக்குக் கட்டற்ற உரையாடலை நிறுத்திவிட்டது. அப்படி ஒன்று இருந்தால் காரணம் சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே எடுத்துவிடுங்கள்.

தூக்கம் கெடுவது, இருந்த தோழிகளை அடியோடு விடுவது, செயலியிடமிருந்து பிரித்தால் நடுங்குவது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது — இவற்றில் எதைக் கண்டாலும் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். சந்தேகம் வந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

என்றாவது அவளாக வந்து பாதி சொல்லும்போது உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்போது எலிசாவை நினைத்துக்கொள்ளுங்கள். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது முறையும் அதையே கேளுங்கள். அந்த விளையாட்டில் என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.