சாவி தம்பியின் பையில் இருக்கட்டும்

கேள்வி: என் தம்பி தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) ராத்திரி வேலைக்குப் போகிறான். கொழுந்தை நசுக்கி அரைக்கிற ரொட்டர்வேனில் அடைத்துக்கொண்டால் மெஷின் ஓடும்போதே கையை விட்டுத் தள்ளுவார்களாம். நிறுத்தினால் ஏச்சு விழுமாம். "பழகிப்போச்சு அக்கா" என்கிறான். நான் அவனுக்கு என்ன சொல்வது ஐயா?
– ஒரு சகோதரி, தலவாக்கலை

பதில்: நீங்கள் பயப்படுவது சரிதான் மகள். ரொட்டர்வேன் மெதுவாகச் சுற்றுகிறது, அதனால்தான் கையை விடத் துணிகிறார்கள். மோட்டாரின் வேகத்தைக் கியர் வைத்துக் குறைத்தால் இழுவை அந்த அளவுக்குக் கூடும். விரல் மாட்டினாலும் அது திணறி நிற்காது. மோட்டார் பக்கம் இன்னும் மோசம். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடுகிற மோட்டார் ஒரு வினாடிக்கு 24 தடவை சுற்றும். கையை இழுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதற்குள் ஆறு சுற்று முடிந்துவிடும். பெல்ட் புல்லிச் சக்கரத்தைத் தொடுகிற இடத்தில் துணி பட்டால் கையும் சேர்ந்தே போகும்.

துணி என்றதும் நம் குளிர்தான் ஞாபகம் வருகிறது. ராத்திரி வேலைக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு, தொளதொள ஸ்வெட்டரோடு வருவார்கள். நான் ஃபிட்டராக இருந்த ஸ்டோரில் ஒருவருடைய மப்ளர் நுனியை ஷாஃப்ட் சுற்றி இழுத்தது. பக்கத்தில் நின்றவர் மெயின் சுவிட்சைத் தட்டியதால் பிழைத்தார், கழுத்தில் தழும்பு மட்டும் நின்றுவிட்டது. தம்பிக்கு உடம்போடு ஒட்டின பனியன் ஒன்றைச் சட்டைக்குள் போடக் கொடுங்கள். மப்ளர் வேண்டாம். கையுறை பாதுகாப்பு என்று நினைப்பார்கள். சுற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் அதுவும் சிக்கி இழுக்கும்.

அடைப்பு எடுக்க ஒரே வழிதான். பட்டனை அமத்தினால் போதாது. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம்பி தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சுற்று முழுதாக நிற்கட்டும். அப்புறம் ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடவில்லை என்றால்தான் கை உள்ளே போகலாம். கரண்ட் போன நேரத்திலும் இதே பூட்டு வேண்டும். சாதாரண சுவிட்சில் ஓடுகிற மெஷின், கரண்ட் வந்ததும் தானாகவே கிளம்பிவிடும்.

ஏச்சைப் பற்றி: கொஞ்ச நேரம் நிறுத்தியதால் கொழுந்து பாழாகாது, ஸ்டோர் வேலையைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கருக்கே அது தெரியும். ஆபத்தான மெஷின் பாகங்களுக்கு மறைப்புப் போடுவது நிர்வாகத்தின் கடமை என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. முதலில் தம்பி டீமேக்கரிடம் நேராகப் பேசட்டும். நடக்கவில்லை என்றால் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போங்கள். அங்கேயும் சரிவரவில்லையா, தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கிற பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். எந்த மெஷின், எந்தப் பக்கம் மறைப்பு இல்லை என்று தெளிவாக எழுதி அவர்களுக்கு அனுப்புங்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.